மறுவிதை – கொல்லிமலைச் சிறு உழவரின் விதைப்பு ஆயத்தம்

(இரண்டாம் ஆண்டு மாணவி, இளம் அறிவியல் – தாவரவியல்)

முன்னுரை

'ஆடிப் பட்டம் தேடி விதை' என்பது நம் முன்னோர் வாக்கு. பட்டம் என்பது விதைப்புக்கு உரிய பருவம். அப்பருவத்தில் மழை வரும் என்ற உறுதி இருந்த காலத்தில் பிறந்த பழமொழி இது. இன்றோ ஆடி மாதம் நாட்காட்டியில் தவறாமல் வருகின்றது, மழைதான் தவறுகின்றது. சில ஆண்டுகளில் வைகாசியிலேயே கொட்டித் தீர்த்துவிட்டுப் பிறகு ஒரு மாதம் முகம் காட்டுவதில்லை. சில ஆண்டுகளில் ஆவணி பிறந்த பின்னரே வருகின்றது. இந்நிலையில் ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் நிலத்தை நம்பி வாழும் உழவர் எவ்வாறு விதைப்புக்கு ஆயத்தமாகின்றார் என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இப்பொருளை நான் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. நான் கொல்லிமலையில் பிறந்தவள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான்தான். சென்ற கோடை விடுமுறையில் வீட்டுக்குச் சென்றிருந்தபோது, கொல்லையில் மண்வெட்டியோடு நின்ற என் தந்தையார் என்னைப் பார்த்து, "ஏம்மா, காலேஜில செடி கொடியப் பத்தித்தானே படிக்கிற? இந்த வருசம் மழை எப்ப வரும்னு அந்தப் புத்தகத்துல போட்டிருக்குதா?" என்று கேட்டார். கேலியாகக் கேட்டாரா, உண்மையாகவே கேட்டாரா என்று எனக்கு விளங்கவில்லை. விடை சொல்லத் தெரியாமல் நின்றேன். அக்கேள்விக்கு விடை தேடும் முயற்சியே இச்சிறு கட்டுரை எனலாம்.

மலையும் மழையும்

கொல்லிமலை நாமக்கல் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாக அமைந்துள்ளது. காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் மலையின் மேற்பரப்பை அடையலாம். மேலே ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் மேடும் பள்ளமுமாக ஊர்கள் பரந்துள்ளன. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, தின்னனூர் நாடு, சேளூர் நாடு என ஊர்த் தொகுதிகள் இன்றும் 'நாடு' என்ற பெயராலேயே வழங்குகின்றன. சுற்றுலாவுக்கு வரும் நண்பர்கள் ஆகாய கங்கை அருவியையும் அறப்பளீசுவரர் கோயிலையும் செம்மேட்டில் உள்ள வல்வில் ஓரியின் சிலையையும் கண்டு மகிழ்ந்து திரும்புவர். அவர்கள் பேருந்தின் சன்னல் வழியே காணும் சரிவு நிலங்களில்தான் நான் சொல்லப்போகும் செய்தி இருக்கின்றது.

எங்கள் மலையில் நிலம் இரு வகைப்படும். பள்ளத்தில் நீர் தேங்கும் இடம் வயல். அங்கே நெல் விளையும். சரிவிலும் மேட்டிலும் உள்ளது கொல்லை. அங்கே சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு முதலிய சிறுதானியங்கள் விளையும். அண்மைக் காலத்தில் மரவள்ளியும் மிளகும் காப்பியும் அன்னாசியும் பெருகிவிட்டன. வயலுக்கு ஊற்றோ ஓடையோ ஓரளவு துணை நிற்கும். கொல்லைக்கு வானத்தைத் தவிர வேறு துணையில்லை. சிறு உழவரிடம் பெரும்பாலும் இருப்பது கொல்லைதான்.

மலைக்கு மழை மூன்று கட்டங்களில் கிடைக்கின்றது. சித்திரை, வைகாசியில் பெய்யும் கோடை மழையில் உழவு தொடங்கும். ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவக் காலத்து மழையை நம்பி விதைப்பு நடைபெறும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கதிரை நிறைக்கும். ஆகவே இம்மூன்று கட்டங்களில் எது தவறினாலும் வீட்டில் அடுப்பு தயங்கும்.

தவறுதல் என்றால் எவ்வளவு என்பதற்கு நம் மாநிலத்தின் அண்மைக் கால வரலாறே சான்றாகும். 2015ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட ஏறத்தாழ பாதி அளவு மிகுதியாகப் பெய்து சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. மறு ஆண்டே, அதாவது 2016இல், அதே பருவமழை இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. 2017 சனவரியில் தமிழக அரசு மாநிலத்தின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என அறிவித்தது. பன்னிரண்டு மாத இடைவெளியில் இவ்விரண்டையும் கண்ட உழவர், 'சராசரி மழை' என்று புத்தகத்தில் அச்சிட்ட எண்ணை எப்படி நம்புவார்?

மழை ஏன் தடுமாறுகின்றது?

காற்றின் வெப்பநிலை ஒரு செல்சியசு பாகை உயர்ந்தால், அது தாங்கக்கூடிய நீராவியின் அளவு ஏறத்தாழ 7 விழுக்காடு கூடும் என்று இயற்பியல் கூறுகின்றது. இதனால் இரு விளைவுகள் உண்டாகின்றன. காற்று நிலத்திலிருந்து மிகுதியான ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும்; பெய்யும்போது மொத்தமாகக் கொட்டும். அதாவது, வறண்ட இடைவெளிகள் மண்ணை முன்னிலும் விரைவாக உலர்த்துகின்றன. பெய்யும் நாளில் மழை வலுக்கின்றது. 1850–1900 காலத்தோடு ஒப்பிட உலகின் சராசரி வெப்பம் ஏறத்தாழ 1.1 பாகை உயர்ந்துவிட்டது என ஐ.நா. சார்ந்த பன்னாட்டு அறிஞர் குழு 2021இல் வெளியிட்ட அறிக்கை தெரிவித்தது.

இதன் பொருள், ஆண்டின் மொத்த மழை குறையாவிட்டாலும் உழவருக்குத் தீங்கு நேரலாம் என்பதே. பத்து நாட்களுக்கு ஒருமுறை 20 மி.மீ. என ஐந்து முறை பெய்தால் பயிர் செழிக்கும். அதே 100 மி.மீ. ஒரே இரவில் பெய்து, பிறகு ஐம்பது நாட்கள் வானம் வெளுத்திருந்தால், சரிவில் உள்ள மேல்மண் ஓடைக்குப் போகும், பயிர் காயும். மழைமானிக்கு இரண்டும் ஒன்றுதான். கொல்லைக்கு இரண்டும் ஒன்றல்ல.

விதையின் உறக்கமும் விழிப்பும்

நம் வகுப்பில் விதை முளைத்தல் பற்றிப் படித்திருக்கிறோம். உலர்ந்த விதைக்குள் உயிர் உறங்கிக்கிடக்கின்றது. மண்ணில் ஈரம் இல்லையெனில் அது பல நாட்கள் அப்படியே கிடக்கும். எறும்பும் பறவையும் எடுத்துச் செல்லாதவரை அதற்குக் கேடில்லை. ஈரம் பட்டதும் விதை நீரை உறிஞ்சிப் பருக்கின்றது, நொதிகள் செயற்படுகின்றன, சேமிப்பு மாவு சர்க்கரையாகின்றது, முளைவேர் வெளிவருகின்றது. முளைவேர் வெளிவரும்வரை விதையால் மீண்டும் உலர்ந்து உறங்க இயலும். வேர் வந்த பிறகு அத்திறன் பெரும்பாலும் போய்விடுகின்றது. அதன் பின் ஈரம் வற்றினால் இளமுளை மடிகின்றது.

ஆகவே உழவருக்குப் பெரும்பகை மழையின்மை அன்று. அரைகுறை மழையே பகை. ஒரு மழை வந்து விதையை எழுப்பிவிட்டு, அடுத்த மழை வராமற்போவதை 'ஏமாத்து மழை' என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். புத்தகங்களில் இதைப் பருவமழையின் 'பொய்த் தொடக்கம்' என்கின்றனர். வீட்டில் கேட்ட சொல்லும் நூலகத்தில் கண்ட சொல்லும் ஒரே பொருளைச் சுட்டுவதைக் கண்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி சிறிதன்று.

நிலத்தில் செய்யும் ஆயத்தம்

ஏமாத்து மழைக்கு எதிராக எங்கள் பெரியவர்கள் செய்யும் முதல் ஏற்பாடு நிலத்தில் தொடங்குகின்றது. கோடை மழை விழுந்ததும் சரிவுக்குக் குறுக்காக உழுவர். மேலிருந்து கீழாக உழுதால் ஒவ்வொரு சாலும் மழைநீர் ஓடும் வாய்க்காலாகிவிடும். குறுக்காக உழுதால் ஒவ்வொரு சாலும் ஒரு சிறு அணையாகும். ஏர் போக முடியாத செங்குத்தான இடங்களில் மண்வெட்டியால் கொத்துவர். பொறுக்கிய கற்களைச் சரிவின் குறுக்கே வரிசையாக அடுக்கி வரப்பாக்குவர்.

இதன் பயனை ஒரு கணக்கால் விளக்கலாம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மி.மீ. மழை பெய்தால் அது ஒரு லிட்டர் நீர். ஓர் ஏக்கர் என்பது ஏறத்தாழ 4,047 சதுர மீட்டர். 20 மி.மீ. மழை ஓர் ஏக்கரில் இறக்கும் நீர் ஏறத்தாழ 81,000 லிட்டர். இதில் பாதி ஓடிப்போனால் நாற்பதாயிரம் லிட்டர் இழப்பு. எங்கள் வீட்டுக் குடத்தால் அதைச் சுமந்து நிரப்புவது எளிதன்று. அதைப் பிடித்துவைப்பவை ஒரு முழ உயரமுள்ள கல்வரப்புகளும் குறுக்குச் சால்களுமே.

அடுத்தது ஈரம் பார்த்தல். மழை பெய்த மறுநாள் பெரியவர்கள் கொல்லையில் ஒரு குழி தோண்டி, அடிமண்ணை எடுத்துக் கைக்குள் பிடித்துப் பார்ப்பர். பிடி உருண்டையாக நின்றால் ஈரம் உண்டு, உதிர்ந்தால் இல்லை. நான்கு விரற்கடைக்குக் கீழே புழுதியாக இருந்தால், மேலே எவ்வளவு குளிர்ந்திருந்தாலும் விதைக்க மாட்டார்கள். காய்ந்துகிடக்கும் மணற்பாங்கான மண்ணில் 10 மி.மீ. மழை ஏறத்தாழ நான்கு விரற்கடை ஆழமே இறங்கும். வெயில் அடித்தால் வெறும் நிலத்திலிருந்து நாளொன்றுக்குச் சில மில்லிமீட்டர் ஆவியாகிவிடும். அப்படியானால் அந்த ஈரம் எத்தனை நாள் தாங்கும் என்பதை நண்பர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். எழுதப் படிக்கத் தெரியாத என் ஆயா இக்கணக்கைக் கைப்பிடி மண்ணில் போடுகிறார்.

விதையில் செய்யும் ஆயத்தம்

இரண்டாம் ஏற்பாடு பலவகை விதைகளைப் பேணுதல். சாமை என்று நாம் ஒரே பெயரால் குறிப்பது எங்கள் மலையில் ஒன்றல்ல. கட்டவெட்டிச் சாமை, திரிகுலச் சாமை, வெள்ளைப் பெருஞ்சாமை என அதில் பல வகைகள் உண்டு. தினையில் செந்தினை, பெருந்தினை, பாலாந்தினை, மூக்காந்தினை உண்டு. கேழ்வரகில் சுருட்டைக் கேழ்வரகு, பெருங்கேழ்வரகு, கருமுழியான் உண்டு. இவை வெறும் பெயர் வேறுபாடுகள் அல்ல; வயது வேறுபாடுகள். கட்டவெட்டி குறுகிய நாளில் அறுவடைக்கு வரும். பெருஞ்சாமை நெடுநாள் நின்று வைக்கோலும் மிகுதியாகத் தரும். பனிவரகோ ஏறத்தாழ அறுபது, எழுபது நாட்களில் முடிந்துவிடும்.

மழை முன்னதாக வந்தால் நெடுநாள் விதை. தாமதித்தால் குறுநாள் விதை. மிகவும் தாமதித்தால் பனிவரகு. இதுவே எங்கள் மலையின் விதைப்புத் திட்டம். ஒரே விதையை வைத்திருப்பவருக்குத் தேர்வு செய்ய எதுவுமில்லை. நான்கு விதை வைத்திருப்பவர் மழைக்குத் தக்கபடி மாறிக்கொள்ளலாம். கேழ்வரகோடு மொச்சை, துவரை, கடுகு ஆகியவற்றைக் கலந்து விதைப்பதும் இக்கருத்துப் பற்றியே. ஒன்று தவறினும் மற்றொன்று குழம்புக்காவது உதவும்.

மூன்றாம் ஏற்பாடே இக்கட்டுரையின் தலைப்பாகிய மறுவிதை. அறுவடைக்கு முன்பே நன்கு முற்றிய கதிர்களைத் தனியே பொறுக்குவர். அடித்துத் தூற்றிக் காயவைத்து, சாம்பலும் நொச்சி இலையும் சேர்த்துப் பானையிலோ சுரைக்குடுக்கையிலோ இட்டு வாயை மண்ணும் சாணமும் கலந்து பூசி மூடுவர். இவ்வாறு ஒரு பானை அன்று, இரண்டு பானை வைப்பர். முதற்பானை விதைப்புக்கு. இரண்டாம் பானை முதல் விதைப்பு மடிந்தால் மீண்டும் விதைப்பதற்கு. அந்த இரண்டாம் பானையை ஆடி கழிந்து பயிர் கால் ஊன்றும்வரை யாரும் தொடக்கூடாது. வீட்டில் அரிசி இல்லாவிட்டாலும் தொடக்கூடாது.

இவ்வழக்கம் சிறுதானியத்தில் மட்டும் எளிதாக இயலுவது ஏன் என்று நான் சிந்தித்தேன். ஆயிரம் சாமை மணிகளின் எடை ஏறத்தாழ 2 கிராம்தான். ஓர் ஏக்கருக்கு நான்கு கிலோ விதை போதும். அதில் இருபது இலட்சம் மணிகள் உள்ளன. ஏக்கருக்கு இருநூறு கிலோ விளைகின்றது என்று வைத்துக்கொண்டால், மறுவிதைக்காக ஒதுக்கும் நான்கு கிலோ விளைச்சலில் நூற்றுக்கு இரண்டு பங்கே. நிலக்கடலைக்கோ ஏக்கருக்கு ஐம்பது கிலோ பருப்பு வேண்டும். அதைப்போல் இன்னொரு ஐம்பது கிலோவை எந்த ஏழை உழவர் சும்மா வைத்திருப்பார்? மரவள்ளிக்கு ஏக்கருக்கு ஏறத்தாழ ஐயாயிரம் கரணைகள் வேண்டும். அவற்றை வெட்டிச் சில வாரங்களுக்கு மேல் வைத்திருக்கவும் முடியாது. நன்கு உலர்ந்த சாமையும் கேழ்வரகுமோ ஆண்டுக்கணக்கில் முளைப்புத் திறனோடு இருக்கும்.

நான்காம் ஏற்பாடு பிரித்து விதைத்தல். நிலம் முழுவதையும் ஒரே மழையில் விதைக்காமல், பாதியை முதல் மழையிலும் மீதியை அடுத்த மழையிலும் விதைப்பர். எடுத்துக்காட்டாக, ஒரு விதைப்பு மடிவதற்கு மூன்றில் ஒரு வாய்ப்பு உண்டு என்று கொள்வோம். இரண்டு விதைப்புகளும் ஒன்றையொன்று சாராதவை எனின், இரண்டும் மடிவதற்கு ஒன்பதில் ஒரு வாய்ப்பே உண்டு. உண்மையில் ஒரே ஆண்டின் இரு மழைகள் அவ்வளவு தொடர்பற்றவை அல்ல. எனினும் இழப்பு குறைகின்றது என்பது உறுதி.

நான் கண்ட ஓர் ஆண்டு

2016ஆம் ஆண்டு நான் ஆறாம் வகுப்பு மாணவி. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே எங்கள் கொல்லையின் பெரும்பகுதி மரவள்ளிக்கு மாறிவிட்டது. சாமைக்கு எஞ்சியது அரை ஏக்கர். 'அரை ஏக்கருக்கு எதுக்கு ரெண்டு பானை?' என்று இரண்டாம் பானை வைக்கும் வழக்கத்தை வீட்டில் நிறுத்திவிட்டார்கள். ஆயா மட்டும் முணுமுணுத்ததாக அம்மா பின்னாளில் சொன்னார்.

அவ்வாண்டு ஆனியில் இரண்டு நாள் நல்ல மழை பெய்தது. அப்பா இருந்த விதை முழுவதையும் ஒரே நாளில் விதைத்தார். ஐந்தாம் நாள் கொல்லை பச்சைப் பட்டு விரித்தாற்போல் இருந்தது. அதன் பிறகு மூன்று வாரங்களுக்கு மேல் ஒரு துளி இல்லை. நான் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தபோது அப்பா கொல்லை ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். பயிர் வைக்கோல் நிறமாகியிருந்தது. அவர் என்னிடம் ஒன்றும் பேசவில்லை.

ஆடியில் மீண்டும் மழை வந்தது. விதைக்கத்தான் விதை இல்லை. சந்தையில் சாமை கிடைத்தது. அது தீட்டிய அரிசி, முளைக்காது. அப்பா மூன்று ஊர்களுக்கு நடந்தார். எல்லா வீட்டிலும் மரவள்ளிதான். கடைசியில் பள்ளத்துக்கு அப்பால் இருந்த அத்தை வீட்டில் ஒரு பானை கட்டவெட்டி இருந்தது. அப்பா பணத்தை எடுத்தபோது அத்தை, "விதைக்குக் காசு வாங்குவாங்களாண்ணா? விளைஞ்சா ஒண்ணுக்கு ரெண்டாக் குடுத்துடு" என்றாராம்.

அந்த விதை முளைத்தது. ஆனால் முன்னரே சொன்னவாறு அவ்வாண்டு வடகிழக்கு மழையும் பொய்த்தது. கதிர் சிறுத்தது. விளைந்தது மிகக் கொஞ்சம். அதை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் ஆயா உலை வைக்கவில்லை. முதலில் அத்தைக்குரிய இரட்டிப்பை அளந்து வைத்தார். அடுத்து இரண்டு பானைகளைக் கழுவிக் காயவைத்து நிரப்பினார். மீந்ததே எங்களுக்குச் சோறாயிற்று. அது சில நாட்களுக்குத்தான் வந்தது. பிறகு நியாயவிலைக் கடை அரிசியை உண்டோம். பசித்த வீட்டில் பானையை மூடி மண் பூசிய அக்கைகளை நான் இன்றும் மறக்கவில்லை.

மரவள்ளியைக் குறை சொல்லலாமா?

இதைப் படிக்கும் நண்பர்கள், 'அப்படியானால் மரவள்ளியை விட்டுவிட வேண்டியதுதானே' என்று கேட்கலாம். அவ்வளவு எளிதில் தீர்ப்புக் கூற எனக்கு உரிமை இல்லை. சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சேகோ ஆலைகள் கிழங்கை வாங்குவதால்தான் எங்கள் மலையில் கையில் காசு புழங்குகின்றது. நான் மலையிலிருந்து இறங்கி வந்து படிப்பதற்கான பேருந்துக் கட்டணமும் விடுதிச் செலவும் மரவள்ளி தந்தவையே. சாமையை உரலில் குத்தி உமி நீக்கும் வேலை எவ்வளவு கடினமானது என்பதை என் தாயாரின் தோள்களைக் கேட்டால் தெரியும். அவ்வேலையிலிருந்து விடுதலை பெற விரும்பிய பெண்களைக் குற்றம் சொல்வது அறமாகாது.

எனினும் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். மரவள்ளி பத்து, பன்னிரண்டு மாதம் நிலத்தைப் பிடித்துக்கொள்ளும் பயிர். அகன்ற இடைவெளியில் நடுவதால் தொடக்க மாதங்களில் சரிவு மண் வெறுமையாகக் கிடந்து பெருமழையில் அரிக்கப்படுகின்றது. காசு தருகின்றது; ஆனால் மழை ஏமாற்றினால் மறுபடி தொடங்க வழி தருவதில்லை. சாமைக் கொல்லை குறையும்போது தானியம் மட்டும் குறைவதில்லை. விதைப் பானைகளும் குறைகின்றன. ஒரு வீட்டில் பானை இல்லையெனில் அடுத்த வீட்டில் கேட்கலாம். ஊர் முழுவதும் இல்லையெனில் யாரிடம் கேட்பது?

நிறுவனங்களின் துணை

இக்குறையை உணர்ந்து சில முயற்சிகள் நடைபெற்றுள்ளன. 1988இல் சென்னையில் தொடங்கப்பெற்ற எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-கள் முதல் கொல்லிமலையில் சிறுதானியப் பாதுகாப்புப் பணியில் ஈடுபட்டுள்ளது. மலையின் பழைய விதை வகைகளைத் திரட்டி, ஊர்தோறும் சமுதாய விதை வங்கிகளை ஏற்படுத்தவும், உமி நீக்கும் சிறு இயந்திரங்களை ஊர்களில் நிறுவவும், தெளிப்பதற்கு மாறாக வரிசையில் விதைக்கும் முறையைப் பரப்பவும் அந்நிறுவனம் துணைபுரிந்தது. விதை வங்கி என்பது வேறொன்றுமன்று. அத்தையின் பானையை ஊர்ப் பொதுவாக்கியதே. ஐக்கிய நாடுகள் அவை 2023ஆம் ஆண்டைப் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியதையும் நாம் அறிவோம்.

வானிலை முன்னறிவிப்பும் உழவருக்குக் கிடைக்கின்றது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் இயங்கும் வேளாண் வானிலை மையம், வரும் சில நாட்களின் மழை வாய்ப்பையும் அதற்கேற்ற அறிவுரைகளையும் வெளியிடுகின்றது. நாளிதழிலும் கைப்பேசியிலும் அதைக் காணலாம். ஆனால் முன்னறிவிப்பின் எல்லையையும் அறிதல் வேண்டும். அடுத்த ஐந்து நாட்களைப் பற்றி அது ஓரளவு நன்றாகவே கூறும். முளைத்த பயிருக்குத் தேவை அடுத்த இருபத்தைந்து நாட்கள். மேலும், மாவட்டத்துக்கு என்று கூறுவது சமவெளிக்கும் மலைக்கும் ஒருங்கே பொருந்தாது. மலையிலும் ஒரு சரிவில் பெய்த மழை மறு சரிவில் பெய்வதில்லை. எறும்பு முட்டை சுமப்பதும் தட்டான் தாழப் பறப்பதும் இன்றோ நாளையோ வரும் மழைக்குக் குறியாகலாம். அவையும் இருபத்தைந்து நாள் கணக்கைச் சொல்வதில்லை.

ஆதலின் முன்னறிவிப்பு மறுவிதைக்கு மாற்று ஆகாது. விதைக்கும் நாளைத் தேர்ந்தெடுக்க முன்னறிவிப்பு உதவும். அத்தேர்வு பிழைத்தால் எழுந்து நிற்க மறுவிதை உதவும். உழவருக்கு இரண்டும் வேண்டும்.

மாணவர் செய்யத்தக்கவை

அறிவியல் மாணவர்களாகிய நாம் இதில் செய்யக்கூடியவை சில உண்டு என்று கருதுகின்றேன்.

முதலாவது, முளைப்புச் சோதனை. விதைப்புக்கு இரு வாரம் முன்னதாக நூறு விதைகளை எண்ணி ஈரத்துணியில் சுருட்டி வைத்து, ஒரு வாரம் கழித்து முளைத்தவற்றை எண்ணினால் விதையின் தரம் தெரிந்துவிடும். சென்ற விடுமுறையில் எங்கள் வீட்டு விதைகளை இவ்வாறு சோதித்தேன். புதுப் பானையின் விதை நன்றாக முளைத்தது. பழைய பானை ஒன்றில் பாதிகூட முளைக்கவில்லை, ஈரம் புகுந்திருந்தது. விதைத்த பிறகு அறிவதைவிட முன்னரே அறிவது நன்றல்லவா? ஆயா அத்துணிச் சுருளை நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

இரண்டாவது, மழை அளத்தல். நேர்ச் சுவருள்ள ஒரு தகரக் குவளையைத் திறந்த வெளியில் வைத்து, காலைதோறும் தேங்கிய நீரின் உயரத்தை அளவுகோலால் அளந்து குறித்தால் போதும். அதுவே மில்லிமீட்டரில் மழையளவு. பத்து ஊர்களில் பத்து மாணவர்கள் பத்து ஆண்டுகள் குறித்தால், எங்கள் மலையின் மழையைப் பற்றி நாங்களே பேச ஓர் ஆவணம் கிடைக்கும்.

மூன்றாவது, விதைப் பெயர்களைத் தொகுத்தல். ஒவ்வொரு விதைக்கும் எத்தனை நாள் வயது, எந்த மண்ணுக்கு ஏற்றது, எந்த ஆண்டு தாங்கியது என்பன நம் பாட்டிமாரின் நினைவில் மட்டுமே உள்ளன. அவர்களுக்குப் பின் அவற்றை யாரிடம் கேட்பது? ஒரு நாற்பது பக்க ஏடும் ஒரு பேனாவும் இருந்தால் இப்பணியைத் தொடங்கிவிடலாம்.

முடிவுரை

மழை எப்போது வரும் என்ற என் தந்தையாரின் கேள்விக்கு இன்றும் என்னிடம் விடை இல்லை. எந்தப் புத்தகத்திலும் அந்த நாள் அச்சிடப்படவில்லை. ஆனால், வரும் நாளை அறியாமலேயே வாழ்வதற்கு ஒரு முறையை எங்கள் மலை மக்கள் வகுத்திருந்தனர் என்பதையும், அம்முறைக்கு நாம் வகுப்பில் படிக்கும் அறிவியல் முழுத் துணை நிற்கின்றது என்பதையும் என்னால் அவரிடம் சொல்ல முடிந்தது.

இவ்வாண்டு அப்பா, எஞ்சிய அரை ஏக்கரையும் மரவள்ளிக்கு விட்டுவிடலாமா என்று எண்ணிக்கொண்டிருக்கிறார். தம்பியும் அடுத்த ஆண்டு கல்லூரிக்கு வரவேண்டும், செலவு கூடும். அவர் எண்ணுவதில் நியாயம் உண்டு. நான் ஒன்றே ஒன்று கேட்டேன். கால் ஏக்கராவது சாமைக்கு இருக்கட்டும். சோற்றுக்கு இல்லாவிட்டாலும் விதைக்கு இருக்கட்டும் என்றேன். அவர், "பாக்கலாம்" என்றார். ஆயா ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோய் அடுப்பங்கரைப் பரணில் இருந்த இரண்டு பானைகளின் வாய்ப்பூச்சைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தார்.

மலைக்குச் செல்லும் நண்பர்கள் அருவியைப் பார்த்த பிறகு, ஏதேனும் ஒரு வீட்டில், 'மறுவிதை வைத்திருக்கிறீர்களா?' என்று கேட்டுப் பாருங்கள். கேட்பாரில்லாத வழக்கம் மறைந்துவிடும். நாலு பேர் கேட்டால், அது இன்னும் மதிப்புடையது என்று அவ்வீட்டுப் பிள்ளைகளாவது எண்ணுவார்கள்.